9400எஃப் பிசியை அப்கிரேட் பண்ணலாமா, புதுசாவே அசெம்பிள் பண்ணிடலாமா?

திருச்சில இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி. அவர்கிட்ட இருக்கறது 2019ல கடைல அசெம்பிள் பண்ணி வாங்கின பிசி. ஐ5 9400எஃப் ப்ராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட்டோடயே வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாத்துக்கும் கரன்ட் குடுக்கற டப்பா). வேலரன்ட் ஆடும்போது நடுநடுவுல ஜெர்க் அடிக்குது, சைபர்பங்க் போட்டா நகரவே மாட்டேங்குது. கடைக்காரர்கிட்ட போனா "இது பழசு தம்பி, மொத்தமா மாத்திடுங்க"ன்னு ஒரு கொட்டேஷனை நீட்டிட்டாராம். அப்கிரேட் பண்ணா போதுமா, புதுசுதான் போகணுமா, புதுசுன்னா வீட்லயே நானே மாட்டிக்கலாமா, கை வச்சா ஏதாவது புகைஞ்சிடுமான்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்ல அந்த கொட்டேஷனை மடிச்சு டிராயர்ல வைங்க. உங்க பிசில ப்ராசசர் இன்னும் சாகல. சுத்தி இருக்கறதுங்கதான் அதை சாகடிக்குது. மொத்தமா மாத்தறதுக்கு முன்னாடி எது இழுக்குதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு காசு செலவே இல்ல, அரை மணி நேரம் போதும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர் இறக்குங்க, கூடவே ரிவாட்யூனர்னு ஒண்ணு வரும், ரெண்டையும் போட்டு கேம் ஓடும்போது ஸ்க்ரீன் ஓரத்துல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) யூசேஜ், விராம் (கார்டுக்குள்ளயே இருக்கற மெமரி), சிபியு (ப்ராசசர்) ஒவ்வொரு கோரும் எவ்ளோ, ரேம் எவ்ளோன்னு தெரியற மாதிரி வச்சுக்கங்க. அப்புறம் நீங்க எப்பவும் ஆடற கேமையே ஒரு இருபது நிமிஷம் ஆடுங்க.

ஜிபியு யூசேஜ் 97, 98, 99னே நிக்குதா, அப்ப கார்டுதான் மூச்சு வாங்குது. ஜிபியு 60, 65ல தூங்குது ஆனா சிபியு கோர் எல்லாம் 100ஐ தொட்டுட்டு நிக்குதா, அப்ப ப்ராசசர் பக்கம் பிரச்சனை. ரெண்டும் இல்ல, ரெண்டும் சும்மாதான் இருக்கு ஆனா திடீர் திடீர்னு ஒரு செகண்ட் உறையுதுன்னா ரேமையும் டிஸ்க்கையும் பாருங்க. 8 ஜிபில 7.6 ஓடிட்டு இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100%னு சிவப்பா நிக்கும், ஏன்னா ரேம் பத்தாம விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்ல கொண்டு போய் எழுதிட்டு இருக்கு, சுத்தற தட்டு அந்த வேகத்துக்கு எங்க போகும். நீங்க சொல்ற அறிகுறிய வச்சு பாத்தா வேலரன்ட் ஜெர்க் இந்த மூணாவது வகைன்னு எனக்கு முக்கால்வாசி நிச்சயம், சைபர்பங்க் முதல் வகை. ஆனா என் பேச்சை நம்பி வாங்காதீங்க, நீங்களே பாத்துட்டு வாங்குங்க.

அதனால முதல் வேலை எஸ்எஸ்டியும் (சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ரெண்டாவது ரேம் ஸ்டிக்கும். ஹார்டு டிஸ்க்ல விண்டோஸ் போட்டு ஓட்டறத இன்னைக்கே நிறுத்துங்க, சைபர்பங்க்காரங்க 2023லயே மினிமம் லிஸ்ட்லயே எஸ்எஸ்டின்னு மாத்திட்டாங்க. எச்310 போர்டுல சிலதுல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை போர்டுலயே நேரா சொருகற இடம்) இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது, இருந்தாலும் அந்த சிப்செட்ல வேகம் கம்மிதான். போர்டு மேலயே மாடல் நம்பர் பெருசா அச்சடிச்சிருக்கும், அதை வச்சு மேனுவல் இறக்கி பாத்துட்டு வாங்குங்க. ஸ்லாட் இல்லன்னா கவலைப்படாதீங்க, கேபிள்ல மாட்டற சாதா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியே போதும். காகிதத்துல செகண்டுக்கு சாட்டா 550 எம்பி, எம்.2ல போற என்விஎம்இ 3500 எம்பின்னு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் தெரியும், கேம் லோடிங்ல அவ்ளோ தெரியாது. ஹார்டு டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்கு தாவறதுதான் உண்மையான தாவல்.

ரேம் விஷயத்துல இன்னொண்ணு. ஒரே ஸ்டிக்னா சிங்கிள் சேனல், ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல ரோட்டுல பாதி அடைச்சு வச்ச மாதிரி. ரெண்டாவது 8 ஜிபி ஸ்டிக் போட்டா 16 ஜிபியும் ஆச்சு, டூயல் சேனலும் ஆச்சு. 9400எஃப் 2666க்கு மேல போகாது, ஆனா 3200 ஸ்டிக் கிடைச்சா வாங்கலாம், இந்த போர்டுல 2666ல ஓடும், பின்னாடி போர்டு மாத்தினா கூடவே எடுத்துட்டு போயிடலாம். விலைதான் வயிறு எரியும். 2025 கடைசில இருந்து ரேம் விலை எகிறிடுச்சு, மெமரி கம்பெனிங்க எல்லாம் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் திரும்பிட்டாங்க, மைக்ரான் 2025 டிசம்பர்ல க்ரூஷியல் பேர்ல நமக்கு வித்துட்டு இருந்த கடையையே மூடறோம்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் சொல்றேன், கைல இருக்கற டிடிஆர்4 ஸ்டிக்கை மொத்தமா மாத்தறேன்னு யார்கிட்டயும் அடிமாட்டு விலைக்கு குடுத்துடாதீங்க. செகண்ட் ஹேண்ட் ரேம் தைரியமா வாங்கலாம், வாங்கினதும் மெம்டெஸ்ட்86னு ரேம் டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேரை ஒரு ராத்திரி ஓட விட்டு பாருங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க.

இப்ப எஸ்எம்பிஎஸ். இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசுவேன், பொறுத்துக்கங்க.

பல வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான், கேபினட்டோட ஃப்ரீயா வந்த டப்பாவுல ஒரு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டை மாட்டி ஆடிட்டு இருந்தேன். ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், கேம்ல பெரிய சண்டை சீன், டப்புனு ஒரு சத்தம், கருகின மீன் மாதிரி ஒரு நாத்தம், அம்மா கிச்சன்ல இருந்து அடுப்பை அணைச்சிட்டு ஓடி வராங்க. எஸ்எம்பிஎஸ் போனது போகட்டும், போர்டையும் கூட கூட்டிட்டு போயிடுச்சு. கார்டு எப்படியோ பொழைச்சுது. அப்புறம் அதைக் கழட்டி கைல தூக்கி பாத்தா வெறும் டப்பா மாதிரி இருந்துச்சு, ஒரு ஃபேன், நாலு கெப்பாசிட்டர், வத்தலா ஒரு ஹீட்சிங்க். மேல ஸ்டிக்கர் மட்டும் 450 வாட்.

அந்த ஸ்டிக்கரை எப்படி படிக்கறதுன்னு தெரிஞ்சுக்கங்க. பெருசா போட்டிருக்க வாட்டை பாக்காதீங்க, கீழ கட்டம் கட்டமா இருக்கும் பாருங்க, அதுல +12 வோல்ட்னு இருக்கற கட்டத்துல எத்தன ஆம்ப்னு பாருங்க. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடறது எல்லாம் 12 வோல்ட் லைன்லதான். 12 வோல்ட் 16 ஆம்ப்னு போட்டிருந்தா 12ஐ 16ஆல பெருக்குங்க, 192 வாட். அவ்ளோதான் அந்த 450. மிச்சம் எல்லாம் 3.3லயும் 5லயும் காட்டின கணக்கு, இன்னைக்கு பிசிக்கு அதுல பெருசா வேலையே இல்ல. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட்லயே 500 வாட்டுக்கு மேல குடுக்கும். 80 ப்ளஸ்னு ஒரு முத்திரை பாத்திருப்பீங்க, ப்ரான்ஸ், கோல்டுன்னு. அது கரன்ட்டை எவ்ளோ வீணாக்காம குடுக்குதுன்றதுக்கான மார்க்தான், தரத்துக்கு கேரண்டி இல்ல. ஆனா முத்திரையே இல்லாததை விட முத்திரை இருக்கறது மேல். நான் பாக்கறது வாரண்டி வருஷம். அஞ்சு வருஷம், ஏழு வருஷம் குடுக்கறவன் உள்ள என்ன வச்சிருக்கான்னு அவனுக்கே தைரியம் இருக்கு, ஒரு வருஷம்னா அவனுக்கே சந்தேகம்.

உங்க 1050 டிஐ மொத்தமே 75 வாட் கார்டு, அதுக்கு தனி பவர் கேபிளே வேணாம், போர்டு ஸ்லாட்ல இருந்தே குடிச்சுக்கும். அதனாலதான் இத்தனை வருஷமா அந்த டப்பா மாட்டிக்காம தப்பிச்சிட்டு இருக்கு. நீங்க பாக்கப்போற புது கார்டு பெரும்பாலும் 8 பின் கேபிள் கேக்கும், உங்க எஸ்எம்பிஎஸ்ல அது இருக்காதுன்னு நினைக்கறேன். அப்ப கடைல மோலெக்ஸ்ன்ற பழைய காலத்து நாலு பின் கேபிள் ரெண்டை சேர்த்து 8 பின் ஆக்கற அடாப்டர் ஒண்ணு தருவாங்க, "எல்லாரும் இதான் சார் போடறாங்க"ன்னு. வாங்காதீங்க. புது கார்டு பட்ஜெட்னு நீங்க வச்சிருக்கறதுல எஸ்எம்பிஎஸ் காசை முதல்ல கழிச்சிட்டு மிச்சத்துலதான் கார்டு பாக்கணும்.

கார்டுக்கு வருவோம். உங்க போர்டுல கார்டு சொருகற ஸ்லாட் பிசிஐஇ 3.0, அதுல டேட்டா போற பாதைங்களைத்தான் லேன்னு சொல்வாங்க, மொத்தம் 16. இது ஏன் முக்கியம்னா சில கார்டுங்க 16 லேனையும் யூஸ் பண்ணாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன், உங்க போர்டுல அதை மாட்டினா மூக்கைப் பிடிச்சுட்டு ஓடற மாதிரி ஆயிடும், விலை கம்மியா தெரிஞ்சாலும் கிட்ட போகாதீங்க. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 ரெண்டும் 8 லேன், கொஞ்சம் இழப்பு இருக்கும், தாங்கிக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி முழு 16 லேன், 170 வாட், பழசானாலும் அந்த 12 ஜிபி விராம் அதுக்கு ஆயுசை நீட்டிட்டு இருக்கு. புதுசுல ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 லேன், 16 ஜிபி மாடல் 160 வாட்தான், காசு இருந்தா என் கை அதுக்குத்தான் போகும். இன்டெல் ஆர்க் பி580யும் 12 ஜிபி, விலைக்கு நல்ல கார்டுதான், ஆனா அதுக்கு ரீசைஸபிள் பார்னு ஒரு வசதி கண்டிப்பா வேணும், இன்டெல்லே 10வது ஜெனரேஷன்ல இருந்துதான் சப்போர்ட்னு சொல்லுது, உங்களுது 9. அதனால உங்களுக்கு அது வேணாம்.

8 ஜிபியா 12, 16ஆன்னு கேட்டா, 1080பில வேலரன்ட், ஜிடிஏ ஆடறவங்களுக்கு 8 போதும். புது கேம் டெக்ஸ்சர் எல்லாம் ஹைல வச்சு நாலு வருஷம் ஓட்டணும்னா 12க்கு கீழ வாங்க எனக்கு மனசு வராது. இன்னொண்ணு, 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாசம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (வெளிச்சத்தை நிஜம் மாதிரி காட்டற வசதி) ஹார்டுவேர் இல்லாத கார்டுல ஓடவே ஓடாது. அதனால பழைய ஜிடிஎக்ஸ் 1080 சல்லிசா கிடைக்குதுன்னு யாராவது சொன்னா ரெண்டு தடவை யோசிங்க.

செகண்ட் ஹேண்ட் கார்டுன்னா நேர்ல போய் ஓட்டி பாத்துட்டுதான் காசு குடுக்கணும். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ன்ற கிரிப்டோ காசை கார்டு வச்சு உருவாக்கற மைனிங் நின்னப்ப மூட்டை மூட்டையா கார்டு வெளிய வந்துச்சு, அதெல்லாம் இன்னும் கை மாறிட்டுதான் இருக்கு. மைனிங் கார்டுன்னாலே குப்பைன்னு சொல்லமாட்டேன், ஆனா ஃபேன் தேஞ்சிருக்கும், விராம் சூட்டுல வெந்திருக்கும். ஃபர்மார்க்னு கார்டை கசக்கி பாக்கற சாஃப்ட்வேரை பதினஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா வருதா, ஃபேன்ல கிரீச்னு சத்தம் வருதா பாருங்க. பழைய ஜிஎஸ்டி பில் இருந்தா வாங்கிக்கங்க.

கார்டு போட்டதுக்கு அப்புறமும் 9400எஃப் தாங்குமான்னா, பெரும்பாலான கேம்ல 60 ஃப்ரேமுக்கு தாங்கும். 6 கோர் 6 த்ரெட்தான், ஒரு கோர் ரெண்டு வேலை பாக்கற ஹைப்பர்த்ரெடிங் இல்ல, அதனால புது கனமான கேம்ல ஊருக்குள்ள, கூட்டத்துக்குள்ள போனா ஃப்ரேம் சட்டுனு விழும். அது உங்களுக்கு எரிச்சலா இருக்கற அன்னைக்குதான் போர்டு ப்ராசசர் மாத்தற நாள், அதுவரைக்கும் இல்ல. நடுவுல ஐ7 9700 பழசு ஒண்ணு வாங்கி போடலாம்னு தோணும், வேணாம், அந்த எச்310ல வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதி வத்தலா இருக்கும், அந்த காசுக்கு அடுத்த பிளாட்ஃபார்மே போயிடலாம்.

அந்த நாள் வரும்போது ரெண்டு வழி. ஒண்ணு, கைல இருக்கற 16 ஜிபி டிடிஆர்4ஐ அப்படியே கொண்டு போறது. ஐ5 12400எஃப் கூட டிடிஆர்4 எடுக்கற பி660, பி760 போர்டு, இல்லன்னா ரைசன் 5 5600 கூட பி450, பி550 போர்டு, ரெண்டுமே 6 கோர் 12 த்ரெட். ரெண்டாவது வழி ஏஎம்டியோட புது சாக்கெட் (ப்ராசசர் உக்கார்ற இடம்) ஏஎம்5, ரைசன் 5 7600 மாதிரி. அது டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும், ரேம் புதுசா வாங்கணும், ஆனா ஏஎம்டி இந்த சாக்கெட்டை 2027 தாண்டியும் வச்சிருப்போம்னு சொல்லியிருக்கு, பின்னாடி ப்ராசசர் மட்டும் மாத்திக்கலாம். முந்தின சாக்கெட் ஏஎம்4ல 2017ல போர்டு வாங்கினவன் 2022ல பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி 5800எக்ஸ்3டி போட்டு ஓட்டின கதை எல்லாம் உண்மை. மத்த நேரமா இருந்தா கண்ண மூடிட்டு ஏஎம்5னு சொல்லியிருப்பேன். ரேம் விக்கற விலைக்கு இப்ப உங்க நிலைமைல முதல் வழிதான் சொல்லுவேன். இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் ஐ7, ஐ9 பழசு வாங்கறதா இருந்தா மட்டும் உஷார், அதிக வோல்டேஜ்ல ப்ராசசர் கெட்டுப்போற பிரச்சனை வந்து 2024ல இன்டெல் மைக்ரோகோட் அப்டேட் விட்டு வாரண்டியும் நீட்டினாங்க, ஏற்கனவே கெட்டதை அப்டேட் சரி பண்ணாது.

ஒரு சின்ன சந்தேகம் வரும், நம்ம ஊர்ல முழு டப்பாவையே சிபியுன்னுதான் சொல்றோம். கடைல போய் "சிபியு மாத்தணும்"னு சொன்னா அவன் முழு டப்பாவுக்கும் விலை போடுவான். ப்ராசசர்னு சொல்லுங்க. சென்னைக்கு வர வேலை இருந்தா அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி, ஆன்லைன் விலையையும் மொபைல்ல வச்சுக்கிட்டு கேளுங்க. விலை சொல்லும்போதே "ஜிஎஸ்டி பில்லோட எவ்ளோ"ன்னு கேளுங்க, 18% சேத்தா சேக்காமயான்றதுல பெரிய வித்தியாசம் இருக்கு, பில் இல்லாம வாங்கினா வாரண்டிக்கு அலையறப்ப தெரியும் வலி.

சரி, வீட்லயே மாட்ட முடியுமா. முடியும். ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முனைல காந்தம் இருந்தா உத்தமம், கொஞ்சம் பொறுமை, அவ்ளோதான். பெரும்பாலான கேபிள் ஒரே பக்கமாதான் போகும், தப்பா போறதுக்கு நீங்க முரட்டுத்தனமா அழுத்தினாதான் உண்டு. ஸ்டாட்டிக் கரன்ட் பயம் இருந்தா எஸ்எம்பிஎஸ்ஸை ஆஃப் பண்ணி பிளக்குல மாட்டி வச்சுட்டு அப்பப்ப அதோட இரும்புல கை வைங்க. ஏசி ரூம்ல கார்ப்பெட் மேல உக்காந்து மாட்டாதீங்க, டைனிங் டேபிள் நல்லது, சாப்பாட்டு நேரம் பாத்து ஆரம்பிக்காதீங்க.

போர்டை கேபினட்டுக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி வெளியவே, போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல வச்சு ப்ராசசர், கூலர், ரேம் மூணையும் மாட்டிடுங்க. ப்ராசசர் மூலைல ஒரு சின்ன தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் இருக்கும், ரெண்டும் ஒரே மூலைல வரணும். ப்ராசசரை அழுத்தக்கூடாது, வச்சா தானா உக்காரும். உக்காரலன்னா திசை தப்பு. இன்டெல்லயும் ஏஎம்5லயும் பின் போர்டு பக்கம் இருக்கு, தலைமுடி மாதிரி, விரல் பட்டா போச்சு. ஏஎம்4ல பின் ப்ராசசர் அடில. பழைய ஏஎம்4 கூலரை கழட்டும்போது நேரா மேல இழுத்தீங்கன்னா நடுவுல சூடு கடத்த தடவின பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டு ப்ராசசரும் சேந்து பிடுங்கிட்டு வந்துடும், பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, லேசா இடதும் வலதுமா திருகி எடுங்க.

உங்க 9400எஃப் கூலர் நாலு பிளாஸ்டிக் காலோட வரும். அதை கழட்டணும்னா ஒவ்வொரு காலோட தலையையும் அம்புக்குறி பாத்து திருப்பி மேல இழுக்கணும், திரும்ப மாட்டும்போது நாலையும் பழைய நிலைக்கு திருப்பிட்டு, எதிரெதிர் மூலையா ரெண்டு ரெண்டா அழுத்தணும், டிக்குனு சத்தம் கேக்கணும். போர்டை திருப்பி பின்னாடி பாத்தா நாலு காலோட கறுப்பு முனையும் விரிஞ்சு வெளிய தெரியணும். மூணு தெரிஞ்சு ஒண்ணு தெரியலன்னா ப்ராசசர் 100 டிகிரில கொதிக்கும், பாதி பேர் "கூலர் சரியில்ல"ன்னு புதுசு வாங்கறது இதனாலதான். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், தோசைக்கு சட்னி மாதிரி தடவ வேணாம். புது கூலர்ல அடிப்பக்கம் பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டியிருந்தா உரிச்சிட்டு மாட்டுங்க.

ரேம் நாலு ஸ்லாட் இருக்கற போர்டுல ரெண்டு ஸ்டிக்கை ப்ராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். ரெண்டு முனையும் டக்குனு பூட்டற வரைக்கும் கொஞ்சம் பலமாவே அழுத்தணும், முதல் தடவை போர்டு உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கும், உடையாது. கேபினட்டுக்குள்ள போகறதுக்கு முன்னாடி பின்பக்க தகடு, அதான் யூஎஸ்பி துளை எல்லாம் வெட்டின தகடு, அதை முதல்ல கேபினட்ல மாட்டுங்க. இதை மறந்துட்டு எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் மேஜை மேல அது பல்லைக் காட்டிட்டு கிடக்கறத பாத்து தலைல அடிச்சுக்காதவங்களே கிடையாது. கேபினட்ல போர்டு உக்கார்ற பித்தளை கால்கள் போர்டு ஓட்டைக்கு நேரா மட்டும் இருக்கணும், கூடுதலா ஒண்ணு இருந்தா போர்டு அடில முட்டி ஷார்ட் ஆகும்.

கேபிள்ல ரெண்டு எச்சரிக்கை. ப்ராசசருக்கு போற 4+4 பின், கார்டுக்கு போற 6+2 பின் ரெண்டும் பாக்க ஒரே மாதிரி 8 பின்தான், கேபிள் தலைல எழுதியிருக்கும், படிச்சுட்டு சொருகுங்க. கழட்டி மாட்டற மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளை புதுசுல சொருகவே சொருகாதீங்க, பொருந்தும், ஆனா உள்ள வயர் வரிசை வேற, எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே செகண்ட்ல போயிடும். பவர் பட்டன், ரீசெட், லைட்டுக்கு வர்ற குட்டி குட்டி வயர்தான் உள்ளதுலயே எரிச்சல், மேனுவல் படத்தை மொபைல்ல பெருசு பண்ணி வச்சுக்கிட்டு கேபினட்டை படுக்க வச்சு மாட்டுங்க.

மாட்டி முடிச்சு பட்டன் அமுக்கினா ஒண்ணும் வரலன்னா அழாதீங்க. மானிட்டர் கேபிள் கார்டுலதான் மாட்டியிருக்கான்னு பாருங்க, எஃப்னு முடியற இன்டெல் ப்ராசசர்ல உள்ள கிராபிக்ஸ் கிடையாது, போர்டுல இருக்கற எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான். அடுத்து ப்ராசசர் பவர் கேபிள், நான் என் சித்தப்பா பையனுக்கு மாட்டும்போது இதைத்தான் மறந்தேன், ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது, ஸ்க்ரீன் கறுப்பு, ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ரேமை கழட்டி மாட்டி கழட்டி மாட்டி. ஏஎம்5 வாங்கினா இன்னொரு கூத்து, முதல் தடவை ஆன் பண்ணும்போது ரேமை அது தானே பழகிக்கும், சில நிமிஷம் கறுப்பாவே நிக்கும், அந்த நேரத்துல பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க, போய் டீ குடிச்சிட்டு வாங்க.

பயாஸ்குள்ள போனதும் ரெண்டு வேலை. புது போர்டுன்னா எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணுங்க, இல்லன்னா 3200க்கு காசு குடுத்துட்டு 2133லயே ஓட்டிட்டு இருப்பீங்க. ரெண்டாவது டிபிஎம்னு ஒரு பாதுகாப்பு வசதி, இன்டெல் போர்டுல பிடிடின்னு இருக்கும், அதையும் செக்யூர் பூட்டையும் ஆன் பண்ணுங்க, விண்டோஸ் 11ல வேலரன்ட் ரெண்டையும் கேக்கும். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, உங்க 9400எஃப் 11க்கு தகுதியான லிஸ்ட்ல இருக்கு, அதனால எஸ்எஸ்டில புதுசா 11 போட்டுடுங்க, பழைய ஹார்டு டிஸ்க்கை படம் பாட்டு போட வச்சுக்கங்க. விண்டோஸ் போடற நேரத்துல மட்டும் ஹார்டு டிஸ்க் கேபிளை உருவி வைங்க, தப்பா அதை ஃபார்மேட் பண்ணிட்டு குடும்ப கல்யாண போட்டோவை தேடினவங்க எனக்கு தெரிஞ்சு ரெண்டு பேர்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ல போய் 144னு நீங்களா மாத்தணும், இல்லன்னா 60லயே ஓடும். இதை ஒரு வருஷம் கழிச்சு கண்டுபிடிச்சவங்க இருக்காங்க.

கரன்ட் பத்தி கடைசியா. கேபினட் மேல கை வச்சா ஜிவ்வுனு லேசா இழுக்குதுன்னா வீட்ல அந்த பிளக்குக்கு எர்த் சரியில்லன்னு அர்த்தம், எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு அதை சரி பண்ணிட்டு அப்புறம் புது கார்டு மாட்டுங்க. 600 விஏ யூபிஎஸ்ஸோட தாங்கற அளவு பொதுவா 360 வாட் பக்கம்தான், உங்க அப்கிரேட் பண்ணின பிசியும் மானிட்டரும் சேந்து கேம்ல 300ஐ நெருங்கும், அதனால அது சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்றதுக்குதான், ஆட்டத்தை முடிக்கறதுக்கு இல்ல. கேபினட் மாத்தறதா இருந்தா முன்பக்கம் கண்ணாடி வேணாம், வலை போட்டது வாங்குங்க, நம்ம மே மாச வெயில்ல ரூமே 36, 37ல இருக்கும்போது கண்ணாடிக்குள்ள வச்சா அடுப்புதான். முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க.

ஆக எஸ்எஸ்டி, ரேம் இந்த மாசம். ஆஃப்டர்பர்னர்ல வர்ற நம்பரை பாத்துட்டு எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் சேத்து ஒரே தடவைல, தனித்தனியா இல்ல. போர்டும் ப்ராசசரும் மாத்தறதை, ரேம் விலை இறங்கினப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்கு கேபினட் சைடு கதவை கழட்டி அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் போர்டு மாடல் நம்பரையும் தெளிவா ஒரு போட்டோ எடுத்து போடுங்க, எம்.2 இருக்கா இல்லையான்னு பாத்து எந்த எஸ்எஸ்டின்னு சொல்றேன்.